போர்ஷே 911-க்கு எந்தக் குளிர்கால டயர்? சிர்லர் மலை இறக்கத்தில் முடிவான ஒரு தேர்வு

கார், போர்ஷே 911 கரேரா எஸ். 992 என்று அழைக்கப்படும் தலைமுறை. பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை போகும் வகை. 450 குதிரைத்திறன், மணிக்கு 308 கிலோமீட்டர் உச்ச வேகம். உரிமையாளர் என் நண்பர். அவருக்கு மியூனிக்கில் வேலை, மனைவியின் பெற்றோர் வீடு இன்ஸ்புருக் பக்கம். முந்தைய உரிமையாளரிடமிருந்து காரை வாங்கியபோது கூடவே ஒரு செட் குளிர்கால டயர்களும் வந்தன. அக்டோபரில் அவற்றின் பட்டன் ஆழத்தை, அதாவது டயர் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழத்தை, அளந்து பார்த்தால், பின்பக்க டயர்கள் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தன.

ஜெர்மனியில் அந்த டயர் சட்டப்படி செல்லும். அங்கே 1.6 மில்லிமீட்டர்தான் வரம்பு. ஆஸ்திரிய எல்லையைத் தாண்டியதும் அதே டயர் குளிர்கால டயர் என்ற தகுதியையே இழந்துவிடுகிறது. அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனியோ பனிச்சகதியோ உறைந்த தளமோ உள்ள சாலையில் ஓட்டுவதற்கு, ரேடியல் டயரில் குறைந்தது 4 மில்லிமீட்டர் ஆழம் மிச்சமிருக்க வேண்டும். எனவே புதிய செட் வாங்கியாக வேண்டும். டயர் கடைக்காரர் இரண்டு பெயர்களைச் சொன்னார்: மிச்செலின் பைலட் ஆல்பின் 5, பிரெல்லி பி ஜீரோ வின்டர். இரண்டுமே முதல் தர நிறுவனங்களின் உயர்தரத் தயாரிப்புகள். இரண்டுமே வேகமான கார்களுக்கென்று வடிவமைக்கப்பட்டவை. விலையை வைத்து முடிவெடுக்க வழியில்லை. நண்பர் என்னிடம் கேட்டார். நான் முதலில் டயரைப் பார்க்கவில்லை, அவர் போகும் சாலையைப் பார்த்தேன்.

மியூனிக்கின் தெற்கு விளிம்பில் தொடங்கும் ஏ95 விரைவுச்சாலை ஆல்ப்ஸ் மலையை நோக்கிப் போகிறது. அதன் பெரும்பகுதியில் வேக வரம்பு கிடையாது. அது முடிந்தபின் கார்மிஷ்-பார்டன்கிர்ஷன், மிட்டன்வால்ட் ஊர்களைக் கடந்து ஷார்னிட்ஸில் ஆஸ்திரியாவுக்குள் நுழைகிறோம். சீஃபெல்ட் என்ற மேட்டு ஊரிலிருந்து இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிர்ல் ஊருக்கு இறங்கும் சாலைக்குத்தான் சிர்லர் பெர்க் என்று பெயர், அதாவது சிர்ல் ஊர் மலை. சரிவு 16 சதவீதம் வரை போகிறது. பிரேக் பிடிக்காமல் போன வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே அவசரத் தடங்கள் அமைத்திருக்கிறார்கள். ஒரே பயணத்துக்குள் மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடும் உலர்ந்த கான்கிரீட்டும், ஈரமான காட்டுச் சாலையும், பனி மூடிய செங்குத்தான இறக்கமும் வந்துவிடுகின்றன. இந்த மூன்றையும் ஒரே டயர் சமாளிக்க வேண்டும்.

குளிர்கால டயரின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோலக் குளிரில் ரப்பரும் இறுகுகிறது. கோடை டயரின் ரப்பர் வெயிலில் உருகாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. 7 டிகிரிக்குக் கீழே அது விறைக்கத் தொடங்கும் என்பது ஐரோப்பியக் கடைகளில் சொல்லப்படும் கணக்கு. அந்த 7 டிகிரி இயற்கை விதி எதுவும் அல்ல, நடைமுறைக்கு உதவும் ஒரு கோடு மட்டுமே. குளிர்கால டயரின் ரப்பர் கலவை இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிலும் நெகிழ்வாக இருக்கும்படி சேர்க்கப்படுகிறது. சிலிக்கா என்ற மணல் வகைப் பொடியை நிறைய கலப்பதால் குளிர்ந்த ஈரத் தளத்திலும் பிடிப்புக் கிடைக்கிறது. பட்டன் கட்டிகளின் மேல் நெருக்கமாக வெட்டப்பட்ட மெல்லிய கீற்றுகளுக்குத் தனி வேலை உண்டு: அவை பனியைக் கவ்வி உள்ளே பிடித்துக்கொள்கின்றன. பனியோடு பனி நன்றாக ஒட்டும். டயருக்குள் அகப்பட்ட பனி சாலையில் கிடக்கும் பனியைப் பற்றுவதால்தான் வண்டி நகர்கிறது, நிற்கிறது.

சிக்கலும் அந்தக் கீற்றுகளில்தான் இருக்கிறது. கீற்று கூடக் கூடப் பட்டன் கட்டி வளைந்துகொடுக்கும். உலர்ந்த சாலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் காரின் முகம் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். சாதாரணக் குடும்பக் காரில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 911 ஓட்டுபவருக்கு அந்தத் தாமதம் முள்ளாகக் குத்தும். அதனால் இந்த வகை டயர்களில் கீற்றின் உட்சுவர்களை நேராக வெட்டாமல் முப்பரிமாண வளைவுகளோடு அமைக்கிறார்கள். அழுத்தம் வரும்போது சுவர்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கட்டியைத் தாங்குகின்றன.

இதுவரை சொன்னது இரண்டு டயர்களுக்கும் பொது. பிரியும் இடம் பட்டன் கோலம். பைலட் ஆல்பின் 5 திசை கொண்ட டயர்: பள்ளங்கள் அம்புத் தலைபோல நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் விரிகின்றன, உருளும் திசை பக்கவாட்டில் குறிக்கப்பட்டிருக்கும். நீரையும் பனிச்சகதியையும் அள்ளி இருபுறமும் தள்ளுவதற்கு இதுவே இயல்பான வடிவம். பி ஜீரோ வின்டர் சமச்சீரற்ற டயர்: வெளிப்பாதியும் உட்பாதியும் வேறு வேறு. வளைவில் எடை சாயும் வெளித்தோளில், அதாவது வெளி ஓரத்தில், கட்டிகள் பெரிதாகவும் உறுதியாகவும் இருக்கும். நீரை வெளியேற்றும் வேலை பெரிதும் உட்பாதியைச் சேர்ந்தது. பி ஜீரோ என்பது ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பிரெல்லியின் கோடைகால டயர் வரிசையின் பெயர். 2021-இல் அந்தப் பெயரையே குளிர்கால டயருக்கும் வைத்ததிலிருந்து, குளிரிலும் கோடை டயரைப் போன்ற ஓட்டும் உணர்வைத் தர வேண்டும் என்பதே அந்த நிறுவனத்தின் நோக்கம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான டயர் போடும் வழக்கத்துக்கே பிரெல்லியிடம் நீண்ட வரலாறு உண்டு. லான்சியா ஸ்ட்ராடோஸ் ராலி காருக்காக உருவாக்கிய தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட பி7 டயர்தான், பின்னர் முதல் 911 டர்போவின் கீழும் ஓடியது. மிச்செலின் பக்கத்துப் பெருமை வேறு வகை. 1992-இல் சிலிக்கா கலந்த ‘பச்சை டயரை’ச் சந்தைக்குக் கொண்டுவந்து, உருளும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரப் பிடிப்பைக் காக்க முடியும் என்று காட்டியது அந்த நிறுவனம். இன்றைய குளிர்கால டயர் எதுவாயினும் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்ததே.

டயரின் பக்கவாட்டில் உள்ள மூன்று சிகர மலையும் பனித்துகளும் கொண்ட சின்னத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர் அதையே ஒரு சமாதானமாகச் சொன்னார்: இரண்டிலும் சின்னம் இருக்கிறதே, பிறகென்ன? அந்தச் சின்னம் ஒரு நுழைவுத் தேர்வு மட்டுமே. பனியில் பிரேக் பிடிக்கும் சோதனையில், அளவுகோலாக வைக்கப்பட்ட ஒரு சாதாரண டயரைவிடக் குறைந்தது 7 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் காட்டினால் கார் டயருக்கு அது கிடைத்துவிடும். மயிரிழையில் தேறியதும் முதலிடத்தில் தேறியதும் ஒரே சின்னத்தைத்தான் அணிகின்றன. ஈரப் பிடிப்பு, எரிபொருள், இரைச்சல் ஆகியவற்றுக்குத் தரம் இடும் ஐரோப்பிய ஒட்டுத்தாளும் பனியில் எவ்வளவு பிடிப்பு என்று வகுத்துச் சொல்வதில்லை. சின்னம் உண்டு, இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரே மாடல் பெயரில் அளவுக்கு அளவு தரம் மாறும் என்பதால், வாங்கப்போகும் அளவின் ஒட்டுத்தாளையே பார்க்க வேண்டும்.

நண்பரின் பழைய டயரோடு புதிய டயரை ஒப்பிடுவதில் நியாயம் இல்லை. பாதி தேய்ந்த எந்த டயரும் புதிய டயரிடம் பனியில் தோற்கும். நல்வாய்ப்பாக, அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் இதே தலைமுறைக் கார், அநேகமாகப் புதிதான பி ஜீரோ வின்டரோடு இருந்தது. நண்பர் பைலட் ஆல்பின் 5 பக்கம் சாய்ந்திருந்தார். அந்த டயர் மாட்டிய இன்னொரு காரையும் கடைக்காரர் ஏற்பாடு செய்தார். குளிர்ந்த, உலர்ந்த ஒரு நாளில் கோஹல் ஏரிக்கும் வால்ஷன் ஏரிக்கும் நடுவே கொண்டையூசி வளைவுகளோடு ஏறும் கெஸல்பெர்க் சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். எண்களைத் தரும் சோதனை அல்ல இது. கைக்கும் இடுப்புக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன். பிரெல்லியில் ஸ்டீயரிங்கின் முதல் அசைவுக்கே காரின் முகம் பதில் சொன்னது. வளைவின் நடுவில் சுமை ஏறியபின் அந்தப் பதில் இன்னும் உறுதியானது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குளிர்கால டயர் என்று சொல்லியிருக்க மாட்டேன். மிச்செலின் அந்த முதல் அசைவில் கொஞ்சம் மென்மை காட்டியது. அதன்பின் சீராக, எதிர்பார்த்தபடி சாய்ந்தது. பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது மிச்செலின் முன்கூட்டியே பேசத் தொடங்கிவிடுகிறது என்பது என் மதிப்பீடு. நண்பர் காரை விட்டு இறங்கியதும் பிரெல்லிதான் வேண்டும் என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தச் சாலைக்கு, அந்த நாளுக்கு அது சரியான பதில். ஆனால் அவர் இன்ஸ்புருக் பக்கம் போவது கெஸல்பெர்க் வழியாக அல்ல. அன்று மாலை ஒரு தாளில் சிர்லர் மலை இறக்கத்துக்கான கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

இறுகிய பனியில் நல்ல குளிர்கால டயரின் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவைச் சொல்லும் எண், ஏறத்தாழ 0.3 என்று வைத்துக்கொள்வோம். அதைவிட 10 சதவீதம் பின்தங்கிய டயருக்கு 0.27. இவை எந்த நிறுவனத்தின் டயரையும் அளந்து எடுத்த எண்கள் அல்ல. சிறிய வித்தியாசம் எவ்வளவு பெரிதாகும் என்று பார்ப்பதற்காக வைத்துக்கொண்டவை. சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் பிரேக் பிடித்தால் முதல் டயர் சுமார் 33 மீட்டரில் நிற்கும், இரண்டாவது சுமார் 36 மீட்டரில். வித்தியாசம் ஒரு காரின் நீளத்துக்கும் குறைவு. இதைப் பார்த்துத்தான் பலரும் உயர்தர டயர்களுக்குள் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கிறார்கள்.

இனி 16 சதவீத இறக்கம். புவியீர்ப்பு காரைக் கீழே இழுக்கும் விசை, டயரின் பிடிப்பில் பாதிக்கும் மேலானதைத் தின்றுவிடுகிறது. காரை நிறுத்துவதற்கு மிஞ்சுவது மீதி மட்டும். அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முதல் டயருக்கு சுமார் 71 மீட்டர் தேவைப்படுகிறது, இரண்டாவதற்கு சுமார் 91 மீட்டர். சமதளத்தில் மூன்று சொச்சம் மீட்டராக இருந்த இடைவெளி 20 மீட்டராகிவிடுகிறது. வேகத்தை 30-க்குக் குறைத்தால் அந்த இடைவெளி 7 மீட்டருக்குச் சுருங்கும். பனியில் எந்த டயரையும் விட வேகம்தான் பெரியது என்பதற்கும் இதே கணக்கே சாட்சி. பளிங்காக உறைந்த தளத்தில் உராய்வுக் கெழு 0.1 அளவுக்கு இறங்கும்போது, இரண்டில் எதை மாட்டினாலும் கார் அந்த இறக்கத்தில் நிற்காது.

911-இன் உடலமைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருப்பதால் ஏற்றத்தில் இந்தக் கார் பனியைப் பொருட்படுத்தாமல் ஏறும். விசை பாயும் சக்கரங்களின் மேலேயே எடை உட்கார்ந்திருக்கிறது. அந்த இதமான ஏற்றம்தான் ஓட்டுநரை ஏமாற்றுகிறது. இறக்கத்தில், முகம் லேசான கார் பனியில் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஏறும்போது கிடைத்த நம்பிக்கைக்கும் இறங்கும்போது இருக்கும் பிடிப்புக்கும் தொடர்பே இல்லை. நான்கு சக்கர இயக்கம் உள்ள கார்களுக்கும் இது பொருந்தும். நான்கு சக்கரமும் உந்தும் என்பது கிளம்புவதற்கு உதவுமே தவிர, நிற்பதற்கு அல்ல.

ஏ95-இல் நிலைமை தலைகீழ். மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தின் தெற்கில் குளிர்காலம் முழுக்கப் பனியாக இருப்பதில்லை. விரைவுச்சாலையில் உப்புத் தூவிப் பனியைக் கரைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கிலோமீட்டர்கள் ஈரத்திலோ உலர்ந்த குளிரிலோதான் கழிகின்றன. பள்ளிப் புவியியல் பாடத்தில் வந்த ஃபான் காற்று அங்கே நிஜம்: ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்று வீசும் நாளில் ஜனவரியிலும் வெப்பமானி 15 டிகிரியைத் தொடும். அப்படிப்பட்ட நாளில், வேக வரம்பு இல்லாத சாலையில், மென்மையான ரப்பரும் ஆழமான பட்டனும் உள்ள டயரில் 450 குதிரைத்திறன் காரை வேகமாக ஓட்டினால் கட்டிகள் நெளியும், சூடேறும், பிரேக் தூரமும் நீளும். உறுதியான வெளித்தோள் கொண்ட பிரெல்லியின் வடிவம் இங்கேதான் தன் நியாயத்தைக் காட்டுகிறது. குளிர்காலத்தின் பெரும்பகுதி தூரத்துக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடு என்பது அறிவுக்கு உகந்த வாதம். நண்பரும் அதையே சொன்னார்.

எனக்கு அது உடன்பாடில்லை. ஏ95-இல் டயர் மென்மையாக இருக்கிறது என்று தெரிந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கலாம். அகலமான, நேரான, தடுப்புச்சுவர் உள்ள சாலை அது. சிர்லர் இறக்கத்தில் முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றால் குறைப்பதற்கு அவர் கையில் எதுவும் மிச்சமில்லை. ஓட்டுநர் தன் நடத்தையால் ஈடுகட்ட முடியாத இடத்தில் எது கூடுதல் பிடிப்பைத் தருகிறதோ அந்த டயரை வாங்க வேண்டும். இந்த இரண்டில் அது மிச்செலின் என்பது என் கணிப்பு. காரில் அவரோடு மனைவியும் சிறு குழந்தையும் இருக்கிறார்கள் என்பதை நான் தாளில் எழுதவில்லை, ஆனால் அதுதான் என் மனத்தில் இருந்தது.

மிச்செலினின் அம்புக்கோலம் பனிச்சகதியில் தரும் நன்மையையும் சேர்த்துக்கொண்டேன். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் புதுப்பனியைவிட அதிகம் எதிர்ப்படுவது சகதிதான். சக்கரத் தடங்களுக்கு நடுவே கிடக்கும் சாம்பல்நிறக் குழம்பில், தடம் மாறும்போது அகலமான டயர் ஏறி மிதந்துவிடும். 992-இல் சக்கர வளைவுக்குள் ஒலி உணர்விகளை வைத்து, நீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டு ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. எச்சரிக்கை வரும்போது நீரையும் சகதியையும் வெளியே தள்ள வேண்டியது டயர்தான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பிராண்டைவிட இதில்தான் அதிகம் சம்பாதிக்கலாம் அல்லது இழக்கலாம். கரேரா எஸ் காரின் கோடை டயர்கள் முன்னால் 245 மில்லிமீட்டரும் பின்னால் 305 மில்லிமீட்டரும் அகலம் கொண்டவை. பனியில் அகலம் நண்பன் அல்ல. குறுகிய டயர் தன்மேல் விழும் எடையைச் சிறிய பரப்பில் குவித்துப் பனிக்குள் இறங்கிப் பற்றும், சகதியில் மிதப்பதும் குறையும். போர்ஷே அனுமதித்த குளிர்கால அளவுகளுக்குள் எது குறுகலானதோ, எதன் பக்கச்சுவர் உயரமானதோ அதையே எடுக்கச் சொன்னேன். அழகு குறையும் என்பது உண்மைதான். அந்த நிறுவனம் ஒப்புதல் தந்த டயர்களின் பக்கச்சுவரில் ஆங்கில எழுத்தான ‘என்’னில் தொடங்கும் குறியீடு இருக்கும், நான்கிலும் ஒரே குறியீடு இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வேகக் குறியீட்டையும் கவனிக்க வேண்டும். ‘வி’ என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், ‘டபிள்யூ’ என்றால் 270. கார் 308 போகக்கூடியது. டயரின் வரம்பு காரின் உச்ச வேகத்துக்குக் கீழே இருந்தால், அந்த வரம்பை எழுதிய ஒட்டியை ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது ஜெர்மன் விதி. கடைக்காரர்கள் பெரும்பாலும் கேட்காமலே ஒட்டித்தருகிறார்கள். காற்றழுத்தமும் வெப்பநிலையோடு இறங்கும், 10 டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). மிதமான வெப்பம் உள்ள பணிமனையில் காற்றடித்துவிட்டு மலைக்குப் போனால் அழுத்தம் குறைந்திருக்கும். குளிர்ந்த டயரில், வெளியில் வைத்து அளக்க வேண்டும்.

தேய்மானத்தில் இரண்டுக்கும் நடுவே சிறிய வேறுபாடு உண்டு. திசை கொண்ட டயரை, ரிம்மிலிருந்து கழற்றாமல் இடம் வலமாக மாற்ற முடியாது. சமச்சீரற்ற டயரை மாற்றலாம். ரம்பப் பல் போலத் தேய்ந்து இரையத் தொடங்கும் டயர் எதிர்த்திசையில் உருண்டால் ஓரளவு சீராகும். ஆனால் 911-இன் பின்சக்கரங்கள் உட்பக்கம் சாய்ந்து நிற்பதால் உள்தோள்தான் முதலில் தேய்கிறது, இடம் மாற்றினாலும் உள்தோள் உள்தோளாகவே இருக்கும். முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் அந்த மாற்றமும் இல்லை. எனவே பிரெல்லியின் இந்த வசதிக்கு நான் அதிக மதிப்பெண் தரவில்லை.

நண்பர் மிச்செலினை வாங்கினார். அரை மனதோடுதான். முதல் 300 கிலோமீட்டரை நிதானமாக ஓட்டிப் புது ரப்பரின் மேற்பூச்சு போன பிறகு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் சீஃபெல்டிலிருந்து இறங்கினார்கள். முன்னால் போன வாடகை வேன் ஒன்று வளைவில் தயங்கி நின்றுவிட, அவரும் பிரேக் பிடிக்க வேண்டியதாயிற்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதிர்ந்தது, கார் தன் தடத்திலேயே நின்றது. பிரெல்லியாக இருந்தாலும் நின்றிருக்கலாம். ஒரு நிகழ்வை வைத்து அதை மறுக்க முடியாது. ஜனவரி நடுவில் ஃபான் வீசிய வாரத்தில் ஏ95-இல் போகும்போது ஸ்டீயரிங் மந்தமாக இருப்பதாகத் தொலைபேசியில் குறைபட்டார். அந்தக் குறை உண்மையானது. அதற்கு நான் சொன்ன ஒரே பதில் 150-க்குள் போங்கள் என்பதுதான்.

இதே கேள்வியை பிராங்பர்ட்டிலோ டசல்டார்ஃபிலோ இருந்து, மலைப் பக்கமே போகாத ஒருவர் கேட்டிருந்தால் பி ஜீரோ வின்டரை வாங்கச் சொல்லியிருப்பேன், தயக்கமே இல்லாமல். ரைன் சமவெளியில் பனி அபூர்வம்; வேகமான காரின் குளிர்காலம் அங்கே பெரும்பாலும் ஈரமும் உலர்ந்த குளிரும்தான், நிறுத்த வேண்டிய இறக்கமும் இல்லை. வடக்கு ஸ்வீடன்போல உறைந்த சாலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவருக்கு இரண்டுமே பொருந்தாது. பனிக்கட்டிப் பிடிப்புக்கான தனிச் சின்னம் உள்ள நார்டிக் வகையைத்தான் அவர் பார்க்க வேண்டும். நண்பரின் செட் இப்போது கோடைக்காகக் கடையின் கிடங்கில் இருக்கிறது. கழற்றும்போது நான்கு டயர்களிலும் உள்தோள், நடு, வெளித்தோள் என மூன்று இடங்களில் ஆழத்தை அளந்து குறித்துவைத்திருக்கிறோம். பின்பக்க உள்தோள் 4 மில்லிமீட்டரை எட்டும் குளிர்காலத்தில், ஷார்னிட்ஸ் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே பின்பக்க ஜோடியை மாற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.